ஸ்நூக்கர் ஆடும்போது கையில் என்ன: எந்த கிளப், எந்த கிளாஸ்

இங்கிலாந்துக்குக் குடிவந்த நம்மவர்கள் ஸ்நூக்கர் (பெரிய டேபிளில் கோலால் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆட இடம் தேடும்போது முதலில் கேட்பது, மணிக்கு எவ்வளவு என்பது. அதைவிட முக்கியமான கேள்வி, பார் எங்கே இருக்கிறது, அதை நடத்துவது யார் என்பது. சென்னையிலோ கோவையிலோ பார்லரில் ஆடிப் பழகியவர்களுக்கு இது விநோதமாகப் படலாம். அங்கே ஆட்டம் மாடியில், டீக்கடை கீழே தெருவில். பணக்கார கிளப்புகளின் உறுப்பினர்களை விட்டால், மற்றவர்களுக்குக் கியூவும் (பந்தை அடிக்கும் கோல்) பியரும் ஒரே அறையில் சந்திப்பது அபூர்வம். இங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அதனால் குடிக்கிறவருக்கும் குடிக்காதவருக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: எந்த மாதிரி இடத்தில் ஆடுவது, ஆடும்போது என்ன குடிப்பது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஏனென்றால் கிளப்பைத் தேர்ந்தெடுத்ததுமே கிளாஸும் பாதி தேர்வாகிவிடுகிறது.

இடங்களில் முக்கியமானவை இரண்டு வகை. பப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முழு அளவு டேபிள் 12 அடிக்கு 6 அடி. சுற்றி நின்று தாராளமாகக் கியூ வீச வேண்டுமென்றால் ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். அந்த இடத்தில் பத்து மேசை போட்டு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் விற்கலாம் என்று பப் முதலாளிக்குத் தெரியும். ஆகவே பப்பில் கிடைப்பது பெரும்பாலும் சின்ன பூல் டேபிள். அது வேறு ஆட்டம், அங்கே நிற்கும் கூட்டமும் வேறு.

முதல் வகை, ஸ்நூக்கர் ஹால். வரிசையாகப் பல டேபிள்கள், மணிக் கணக்கில் கட்டணம், நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஓரத்தில் ஒரு பார், அல்லது டீயும் டோஸ்டியும் தரும் ஒரு கவுன்டர். சில ஹால்களில் மது உரிமமே கிடையாது. அங்கே உங்களைப் பற்றி யாரும் அக்கறைப்பட மாட்டார்கள், அதுதான் அதன் பெரிய நன்மை. டேபிளுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. நீங்கள் நாலு பைன்ட் பியர் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) குடித்தாலும் ஒரு பாட்டில் தண்ணீரோடு மூன்று மணி நேரம் ஓட்டினாலும் கவுன்டரில் இருப்பவருக்கு ஒன்றுதான். தனியாகப் போய் பிளாக்கை (கறுப்புப் பந்தை) அதன் இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகலாம். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது வகை, உறுப்பினர் கிளப். வொர்க்கிங் மென்ஸ் கிளப் (தொழிலாளர் கிளப்), பிரிட்டிஷ் லீஜியன் (முன்னாள் படைவீரர் அமைப்பு), கன்சர்வேட்டிவ் கிளப், லிபரல் கிளப் என்று பெயர்கள் பல. கட்சிப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே பெரும்பாலும் கால்பந்துதான் பேசுவார்கள். பின்னறையிலோ மாடியிலோ ஒன்றிரண்டு டேபிள் இருக்கும். கட்டணம் என்பது விளக்குக்குத்தான்: சுவரில் உள்ள மீட்டரில் காசு போட்டால் டேபிளுக்கு மேல் விளக்கு எரியும், நேரம் முடிந்தால் நடு ஷாட்டில் அணையும். ஹாலில் ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கிற பணத்தில் இங்கே மாலை முழுக்க ஆடிவிடலாம். பியரும் பப்பைவிட மலிவு. லாபம் பார்க்க முதலாளி என்று ஒருவர் இல்லை. சட்டப்படி அந்த பியர் உறுப்பினர்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்து. அதனால்தான் வாசலில் வருகைப் புத்தகம், கையெழுத்து, யாருடைய விருந்தாளி என்ற விசாரணை எல்லாம். கூடுதலாக ஒரு சிறு தொகை கட்டினால், தொழிலாளர் கிளப்புகளின் ஒன்றியத்தில் சேர்ந்திருக்கும் மற்ற ஊர்க் கிளப்புகளுக்கும் போய்வர ஓர் அட்டை தருவார்கள். ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

இந்தக் கிளப்புகளின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்றியத்தை 1862இல் தொடங்கிவைத்தவர் ஹென்றி சாலி என்ற பாதிரியார், தீவிர மதுவிலக்குக்காரர். தொழிலாளி பப்புக்குப் போகாமல் படிக்கவும் பேசவும் விளையாடவும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். பியர் இல்லாமல் ஆள் வரவில்லை, கிளப் நடத்தக் காசும் வரவில்லை. சில ஆண்டுகளிலேயே பியர் உள்ளே வந்துவிட்டது. இன்றைக்கும் கணக்கு அதேதான். விளக்கு மீட்டர் காசில் கட்டடத்தின் கூரை நிற்காது, பார் வருமானத்தில்தான் நிற்கிறது. ஆகவே இப்படிப்பட்ட கிளப்பில் வாரா வாரம் போய் ஆடிவிட்டு, பாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். குடித்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒரு சோடா வாங்குங்கள், வெள்ளிக்கிழமை இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கலுக்கு ஒரு சீட்டு எடுங்கள். கணக்கு நேராகிவிடும்.

பெண்கள் சேர நினைத்தால் ஒன்று தெரிந்திருப்பது நல்லது. இந்தக் கிளப்புகளில் பலவற்றில் ஸ்நூக்கர் அறை ஆண்களுக்கு மட்டும் என்றே வெகுகாலம் இருந்தது. 70களின் இறுதியில் வேக்ஃபீல்டில் ஷீலா கேப்ஸ்டிக் என்ற பெண்மணியை ஆடக்கூடாது என்று நிறுத்தப்போய், அவர் நாடு தழுவிய போராட்டமே தொடங்கினார். ஒன்றியம் பெண்களுக்குச் சம உறுப்புரிமை கொடுத்தது 2007இல். அதாவது நேற்று மாதிரி. இப்போது சட்டம் சரியாக இருக்கிறது. அறையின் குணம் எப்படி என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் ஹால் எவ்வளவோ மேல்.

மது இல்லாமல் ஸ்நூக்கர் நடத்த முடியாதா என்று கேட்டால், முடியும் என்று நினைத்த ஒரு கம்பெனியே இருந்தது. 1906இல் லங்காஷயரில் தொடங்கிய டெம்பரன்ஸ் பில்லியர்ட் ஹால் கம்பெனி, மதுவிலக்குக் கொள்கையோடு வட இங்கிலாந்திலும் தென் லண்டனிலும் அழகழகான ஹால்களைக் கட்டியது. அவற்றில் ஒன்று மான்செஸ்டரில் சோர்ல்டனில் இன்னும் நிற்கிறது. இப்போது அது வெதர்ஸ்பூன் என்ற பெரிய பப் நிறுவனத்தின் பப்.

சரி, கிளாஸுக்கு வருவோம்.

குடிக்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு வாதம் உண்டு: ஒன்று போட்டால் கை நிதானமாகிறது. இது முழுப் பொய் இல்லை. கனடாக்காரர் பில் வெர்பெனிக் இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி. அவருக்குப் பரம்பரையாக வந்த கை நடுக்கம். அதை அடக்க ஆட்டத்துக்கு முன்பே ஆறு பைன்ட் லாகர், அப்புறம் ஃப்ரேமுக்கு (ஒரு தனி ஆட்டத்துக்கு) ஒன்று என்று குடித்ததாகச் சொல்வார்கள். அந்த நிலையிலேயே 80களின் தொடக்கத்தில் உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை வந்தார். அத்தியாவசிய நடுக்கம் என்று மருத்துவர்கள் சொல்லும் அந்தக் கோளாறு மதுவில் தற்காலிகமாகக் குறையும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அவர் மதுவோடு சேர்த்து எடுத்துக்கொண்ட பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும்) மாத்திரை பிறகு தடைசெய்யப்பட, தொழில்முறை ஆட்டம் 1990இல் முடிந்தது. 2003இல் 56 வயதில் இறந்தார். இன்றைய உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்களில் போட்டியின்போது பீட்டா பிளாக்கருக்குத் தடை உண்டு. மது 2018இலிருந்து அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆட்டத்துக்கு எது உதவும், எது உதவாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

நடுக்கம் இல்லாத நமக்கு ஒரு பைன்ட் தருவது கை நிதானம் அல்ல, கூச்சம் குறைவதுதான். புது கிளப், முன்பின் தெரியாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், எளிய ரெட்டைத் (சிவப்புப் பந்தை) தவறவிட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். அதற்கு அரை பைன்ட் உதவும், மறுக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், இந்த ஆட்டத்தில் கை போவதற்கு முன்னால் புத்தி போய்விடுகிறது. நிதானமாக இருக்கும்போது வெள்ளைப் பந்தைத் திருப்பி பாக் குஷனில் (ஆட்டம் தொடங்கும் பக்கத்து ரப்பர் ஓரத்தில்) பாதுகாப்பாக ஒட்டவைத்துவிட்டு உட்காருகிற மனிதர், இரண்டாவது பைன்டில் 10 அடி தூர ரெட்டைக் குறிபார்ப்பார். விழுந்தால் தலைகால் புரியாது. விழாவிட்டால் எதிராளிக்கு டேபிள் முழுக்கத் திறந்து கிடக்கும். கிளப் ஆட்டங்களில் தோற்பது பெரும்பாலும் கோணம் தவறியதால் அல்ல, ஆடியிருக்கவே கூடாத ஷாட்டை ஆடியதால்தான். பியர் கெடுப்பது அந்த இடத்தை.

நேரக் கணக்கையும் கவனிக்க வேண்டும். குடித்த மது ரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம், வெறும் வயிறென்றால் சீக்கிரம். கிளப்பில் ஒரு ஃப்ரேம் இருபது, முப்பது நிமிடம் இழுக்கும். முதல் ஃப்ரேமில் குடித்தது இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் முகம் காட்டும். “குடித்தேன், ஒன்றும் ஆகவில்லையே” என்று அடுத்ததை வாங்குவது அந்த இடைவெளியில்தான். ஈரல் கரைப்பது சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் (10 மில்லி தூய ஆல்கஹால்). 4 சதவீத பியர் ஒரு பைன்டில் 2.3 யூனிட், 5 சதவீதத்துக்கு மேலான லாகரில் 3 வரை. வேகமாகக் குடிக்கிறவரை ஈரல் துரத்திப் பிடிக்கவே முடியாது.

டீ, காபி பக்கம் போனால் அங்கேயும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். மூன்று காபி குடித்துவிட்டு மெல்லிய கோணத்தில் ரெஸ்ட் (கியூவைத் தாங்கும் நீளக் கோல்) வைத்து ஆடிப் பாருங்கள், கியூ முனை தானாகவே ஆடும். ஒரு கப் டீ, அப்புறம் தண்ணீர் என்பது நல்ல அளவு. கிளப் டீ நம் நாக்குக்குச் சுடுதண்ணீர் மாதிரிதான் இருக்கும் என்பது வேறு குறை. கோக் குடித்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு: ஐஸ் இல்லாமல் பைன்ட் கிளாஸ் நிறைய கோக் என்றால் அதில் 60 கிராம் சர்க்கரை. நம் ஆட்களில் பலருக்கு நாற்பது வயதில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிறது. டயட் கோக், அல்லது லைம் கார்டியல் கொஞ்சமாக விட்ட சோடா போதும். இன்சுலினோ, ரத்தச் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பியர் விஷயத்தில் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மது இறங்கும்போது சர்க்கரையும் சேர்ந்து இறங்கக்கூடும், தள்ளாடுகிறவரைப் பார்த்து மற்றவர்கள் போதை என்றே நினைத்துவிடுவார்கள்.

ஆல்கஹால் இல்லாத பியர் இப்போது பெரும்பாலான பார்களில் இருக்கிறது. விலை மட்டும் உண்மையான பியர் அளவுக்கே இருப்பது கடுப்பு. ஆனால் கையில் பியர் கிளாஸ் இருப்பதால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குடிக்காதவர் குடிக்கிற கூட்டத்தில் நிம்மதியாக ஆட, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எதைக் குடித்தாலும், அது டேபிளுக்கு என்ன செய்யும் என்பதைப் பேசாமல் விடக்கூடாது. ஹாலிலும் கிளப்பிலும் மன்னிக்கப்படாத குற்றம் ஒன்றே ஒன்று, கிளாஸை டேபிளின் மரச்சட்டத்தில் வைப்பது. பச்சைத் துணி கம்பளி. அதன் மேல் உள்ள நுண்ணிய ரோமம் பாக் பக்கத்திலிருந்து பிளாக் பக்கம் நோக்கிப் படிந்திருக்கும், அதே திசையில்தான் பிரஷ் போட்டு இஸ்திரியும் போடுவார்கள். அதில் பியரோ கோக்கோ கொட்டினால் காய்ந்த பிறகும் அந்த இடத்தில் பந்து வேகம் மாறும். துணிக்கடியில் இருப்பது கற்பலகை, இணைப்புகளில் பூசிய பூச்சு ஈரத்தைத் தாங்காது. துணி மாற்றச் சில நூறு பவுண்ட் ஆகும், கொட்டியவர் தலையில்தான் விழும். குளிர்ந்த பைன்ட் கிளாஸைப் பிடித்த கை ஈரமாகும். அந்தக் கையால் பிரிட்ஜ் (கியூவைத் தாங்க டேபிளில் ஊன்றும் கை) போட்டால் கியூ வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். கோக் ஒட்டும். சிப்ஸ் எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதனால்தான் பழைய ஆட்டக்காரர்கள் இடுப்பில் ஒரு துண்டு தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது கிளாஸை எப்போதும் பிரிட்ஜ் போடாத கையால் எடுப்பார்கள்.

லீக் ஆட்டம் முற்றிலும் வேறு நிலைமை. வார நாள் மாலையில் ஓர் அணி இன்னோர் அணியின் கிளப்புக்குப் போகும். நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக ஆடுவார்கள், இடையில் சாண்ட்விச் வரும். இங்கே ஆபத்து தாகம் அல்ல, காத்திருப்பு. முதலில் ஆடுகிறவர் எட்டரைக்கெல்லாம் முடித்துவிட்டு நிம்மதியாகக் குடிக்கலாம். கடைசியில் ஆடுகிறவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்கோர் சமநிலையில் இருக்கும்போது எழுந்து வர வேண்டும். அதற்குள் ரவுண்டு முறை வேலையைக் காட்டியிருக்கும். ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். ஐந்து பேர் இருந்தால் மரியாதைக்காகவே ஐந்து பைன்ட். நம்மவர்களுக்கு இது இரட்டைச் சங்கடம்: வேண்டாம் என்றால் கஞ்சன் என்று நினைப்பார்களோ, வாங்கிக்கொண்டால் திருப்பி வாங்கித் தராமல் போக முடியாதே. தப்பிக்கும் சொற்கள் இரண்டே: “கார் ஓட்டணும்”, “ஹாஃப் போதும்”. இரண்டில் எதைச் சொன்னாலும் ஆங்கிலேயர் மறு கேள்வி கேட்பதில்லை. “கடைசியா ஆடறேன், முடிச்சிட்டு வாங்கிக்கறேன்” என்றால் கேப்டனே சந்தோஷப்படுவார். அணித் தலைவராக இருப்பவர்களுக்கு என் யோசனை: கட்டுப்பாடில்லாமல் குடிக்கும் ஆளை முதலில் ஆடவிடுங்கள், டீ குடிக்கிற ஆளைக் கடைசிக்கு வையுங்கள்.

கார் விஷயம் சாக்குக்காக மட்டும் சொல்வதல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து அது 50. இந்தியாவில் 30. இந்தியாவோடு ஒப்பிட்டு இங்கே தாராளம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு பைன்ட் எத்தனை மில்லிகிராம் ஆகும் என்பது எடை, சாப்பாடு, குடித்த வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது. யாரும் உத்தரவாதம் தர முடியாது. மாட்டினால் குறைந்தது 12 மாதம் ஓட்டுநர் உரிமம் போகும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தண்டனையையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு லீக் ஆட்டத்துக்கு இது மிக அதிகமான விலை. பஸ் வசதியுள்ள கிளப் என்றால் மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள்.

இந்த ஆட்டத்தின் பிறப்பைச் சொல்லிக் குடிக்கு வக்காலத்து வாங்குபவர்களும் உண்டு. 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் வந்த பிரதமர் அல்ல) பில்லியர்ட்ஸ் டேபிளில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்து உருவாக்கிய ஆட்டம், பிறகு 1882இல் நம் ஊட்டி கிளப்பில் விதிகளாக எழுதப்பட்டது. மெஸ் வாழ்க்கையில் மது இல்லாமலா இருந்திருக்கும்? இருக்கட்டும். அந்த அதிகாரிகள் லீக் புள்ளிக்காக ஆடவில்லை, வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டும் போகவில்லை.

ஆக, என்ன முடிவெடுப்பது? ஆட்டம் கற்கிறவர், 20 பிரேக்கைத் (ஒரே முறையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகள்) தாண்டப் போராடுகிறவர், ஹாலுக்குப் போகலாம், பார் இல்லாத ஹாலாக இருந்தால் இன்னும் நல்லது. செலவு கூடும்தான், ஆனால் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பழகுவது, கிளப்பில் பேச்சும் பியருமாக மூன்று மணி நேரம் தட்டுவதைவிடப் பயன். பிள்ளைகளை அழைத்துப் போவதற்கும் பகல் நேர ஹால்தான் சரி. பல ஹால்களில் பெரியவர் உடனிருந்தால் விடுவார்கள். ஊருக்குப் புதிது, துணைக்கு நாலு மனிதர் வேண்டும், பக்கத்து வீட்டு ஆங்கிலேயரோடு பேச ஒரு காரணம் வேண்டும் என்பவருக்கு உறுப்பினர் கிளப்பை மிஞ்ச ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பைன்டை இரண்டு மணி நேரம் வைத்துக் குடியுங்கள், அல்லது ஆல்கஹால் இல்லாததை வாங்குங்கள். ஆடி முடித்த பிறகு இன்னொன்று வேண்டுமென்றால் பஸ் அட்டவணையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அரசு மருத்துவ ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம், அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பரப்பிக்கொள்ளுங்கள் என்கிறது. அது 4 சதவீத பியரில் ஆறு பைன்ட். வாரம் இரண்டு நாள் கிளப், ஒரு நாள் வீட்டு விருந்து என்றால் அந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மதமோ மருந்தோ விருப்பமோ, மதுவே வேண்டாம் என்பவர்களும் உறுப்பினர் கிளப்பைத் தவிர்க்கத் தேவையில்லை. குலுக்கல் சீட்டும் சோடாவும் அங்கே நல்ல உறுப்பினருக்கு அடையாளம்தான்.

எனக்கு இரண்டும் உண்டு: பழகுவதற்கு ஹால், லீக்குக்கு கிளப். ஒன்றை மட்டும்தான் எடுக்கலாம் என்றால் கிளப்பைத்தான் எடுப்பேன், அங்கே டேபிளில் பந்து கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை.

சந்தா கட்டுவதற்கு முன் ஸ்நூக்கர் அறையை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பகலில், விளக்குப் போட்டு. டேபிளின் மரச்சட்டத்தில் கிளாஸ் வைத்த வட்டத் தடங்கள் தெரிந்தால், துணியை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருந்தால் பக்கத்து ஊர் கிளப்பைப் போய்ப் பாருங்கள்.